நடவு நாளில் குழந்தை எங்கே?

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் தஞ்சைத் தரணியில் எல்லோருடைய பேச்சும் மேட்டூரைப் பற்றியதாகவே இருக்கும். அணையில் எத்தனை அடி நீர் இருக்கிறது, பன்னிரண்டாம் தேதி திறப்பார்களா, கல்லணைக்கு எப்பொழுது வந்து சேரும், நம் வாய்க்காலின் கடைமடைக்கு எப்பொழுது எட்டும் என்பவையே கேள்விகள். சங்க அலுவலகத்திற்கு வரும் அங்கத்தினர்கள் விதை, உரம், பயிர்க்கடன் ஆகிய மூன்றையும் பற்றி விசாரிக்கின்றனர். நடவுக்கு வேண்டிய யாவும் இந்தக் கணக்கில் அடங்கிவிட்டன என்றே நாம் எண்ணுகிறோம். ஆய்வாளர் பணிக்கு வந்த முதற் சில ஆண்டுகள் நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கடைமடைப் பகுதியில் உள்ள ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு, குறுவை நடவு மும்முரமாக நடந்த நாள் ஒன்றில், கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். உர விநியோகம் நடந்துகொண்டிருந்தது. வரிசையில் பெரியவர்களுக்கு நடுவே ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி, இடுப்பில் கைக்குழந்தையுடன் நின்றாள். மற்றொரு கையில் தந்தையின் பாஸ் புத்தகம். குழந்தையின் பாரத்தால் அவள் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அம்மா எங்கேம்மா?" என்று கேட்டேன்.

"நடவுக்குப் போயிருக்குங்க சார். நான் இடம் பிடிச்சு நிக்கிறேன்."

"இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டே?"

"தம்பி நடக்க ஆரம்பிச்சதும் போயிருவேன் சார்."

அடுத்த குறுவையில் அதே சங்கத்திற்குச் சென்றபொழுது செயலாளரிடம் அந்தச் சிறுமியைப் பற்றி விசாரித்தேன். தம்பி நடக்க ஆரம்பித்துவிட்டான். நடந்தவன் நேரே வாய்க்காலுக்குத்தான் சென்றிருக்கிறான். எருமை மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கண்டு தூக்கியதால் பிள்ளை பிழைத்தது. அக்காள் கவனிக்கவில்லை என்று அவளுக்கு அடி விழுந்தது. அதன்பின் தாய்க்கு அச்சம் மிகுந்து, தம்பியை விட்டு அகலவே கூடாது என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்குப் போகும் பேச்சு அத்துடன் நின்றது.

அந்த ஊரில் அங்கன்வாடி இல்லாமல் இல்லை. நல்ல கட்டடம், சுவரில் யானையும் மயிலும் வரைந்திருக்கிறார்கள். உணவும் தவறாமல் நடக்கிறது. ஆயினும் அது கோவில் தெருவில் இருக்கிறது. இவர்கள் வசிக்கும் குடியிருப்பு வாய்க்காலுக்கு அப்பால். அங்கன்வாடியில் நாள் முழுதும் இருந்து உண்டு விளையாடுவது இரண்டு வயது நிறைந்த பிள்ளைகள். அதற்குக் குறைந்த பிள்ளைக்குச் சத்துமாவு வீட்டுக்கு வரும், பார்த்துக்கொள்ள ஆள் வராது. நேரத்தைப் பற்றி அத்தெருவின் மூதாட்டி ஒருவர் கூறியதை அப்படியே எழுதுகிறேன்: "ஆறரைக்கெல்லாம் கரையில நிக்கணுங்க. பால்வாடி கதவைத் திறக்கறப்போ நாங்க நாத்துப் பறிச்சு, முடி போட்டு, ஒரு மா நட்டு முடிச்சிருப்போம்."

இடம், வயது, நேரம் என்னும் இம்மூன்றில்தான் குழந்தைப் பராமரிப்பின் ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் அடங்கியிருக்கிறது என்பது என் கருத்து. திட்டம் இருக்கிறதா என்று கேட்பதை விட, அது யார் வீட்டு வாசலில், எத்தனை மணிக்கு, எந்த வயதுப் பிள்ளைக்குத் திறக்கிறது என்று கேட்பதே பொருத்தமாகும்.

மூன்று வயதுக்குள்

குழந்தைக்கு ஆறு மாதம் நிறையும் வரை தாய்ப்பால் ஒன்றே போதும் என்பதை இன்று எல்லோரும் அறிவர். நடவு வயலில் குனிந்து நிற்கும் தாய்க்குப் பால் கட்டிக்கொள்கிறது. வீட்டில் இருக்கும் பிள்ளை பசியால் அழுகிறது. ஆறு மாதத்திற்குப் பின் வருவதோ இதைவிடக் கடினமான காலம். குழந்தையின் வயிறு சிறியது. ஒரு வேளையில் அதிகம் உண்ண இயலாது. குழைத்த சோறும் பருப்பும் நெய்யுமாகச் சிறிது சிறிதாக நாளைக்கு நான்கைந்து முறை ஊட்ட வேண்டும். ஊட்டுவதற்கு ஒரு மனிதர் பொறுமையுடன் எதிரே அமர வேண்டும். ஒன்பது வயதுச் சிறுமி பழையதைப் பிசைந்து ஒரு முறை ஊட்டுவாள். பிள்ளை துப்பினால் விட்டுவிடுவாள். ஆறாம் மாதத்திற்கும் இரண்டாம் ஆண்டு நிறைவுக்கும் இடையேதான் ஏழைக் குழந்தைகளின் எடை தேங்கி நிற்கிறது. அந்த வயதில் குன்றிய உயரத்தைப் பின்னால் எத்தனை முட்டை கொடுத்தாலும் முழுமையாக மீட்க இயலாது. பேச்சும் அப்படியே. எவரும் முகம் பார்த்துப் பேசாத பிள்ளைக்குச் சொற்கள் தாமதமாகவே வருகின்றன.

நாற்றங்காலை உவமையாகச் சொல்வதை மேடைகளில் அங்கத்தினர்கள் பல முறை கேட்டிருப்பீர்கள். நாற்றங்காலில் பழுத்துப்போன நாற்று நடவு வயலில் எவ்வளவு யூரியா போட்டாலும் தூர் கட்டாது என்பார்கள். உண்மைதான். நான் அதில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன்: எந்த மிராசுதாரும் தம் நாற்றங்காலைக் காவல் காக்க ஒன்பது வயதுச் சிறுமியைத் தனியே நிறுத்தியதில்லை.

இந்த ஏற்பாடு வந்த வழி

குழந்தைக் கல்வியைப் பற்றிப் பேசும்பொழுது மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயர் வராமல் இராது. அவர் தம் முதற் குழந்தைகள் இல்லத்தை 1907-இல் ரோம் நகரில் ஸான் லொரென்ஸோ என்னும் ஏழைத் தொழிலாளர் பகுதியில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் மாடிப்படிகளில் திரிந்த பிள்ளைகளை ஓரிடத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்காக அது ஏற்பட்டது. 1939-இல் அவர் சென்னைக்கு வந்து அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கூலிக்காரர் பிள்ளைகளுக்காகப் பிறந்த அந்த முறையின் பெயரை இன்று நம் நகரங்களில் எந்தப் பலகையில் காண்கிறோம் என்பதை அங்கத்தினர்கள் யோசித்துப் பார்க்கலாம். கட்டணத் தொகையைக் கேட்டாலே நடவாள் ஒருத்தியின் பல மாதக் கூலி என்று தெரியும்.

இதற்கு நேர்மாறான வழியில் சென்றவர் தாராபாய் மோடக். மகாராஷ்டிரத்தின் கடலோரத்தில் உள்ள போர்டி கிராமத்தில் 1945-இல் இவர் கிராமக் குழந்தைக் கல்வி நிலையத்தை ஏற்படுத்தினார். பாலவாடியைத் திறந்து வைத்துவிட்டு, எல்லோரும் வரட்டும் என்று காத்திருந்தால், சேரிப் பிள்ளைகளும் மிக ஏழைப் பிள்ளைகளும் வருவதில்லை என்பதை அவர் விரைவிலேயே கண்டுகொண்டார். ஆகவே அவர்கள் வசிக்கும் இடத்திற்கே சென்று, அவர்கள் வீட்டு முற்றத்தில் வகுப்பை நடத்தினார். அங்கண் என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் சொல் இவ்வாறு முற்றத்துப் பள்ளியைக் குறித்து எழுந்ததே. இன்று அந்தப் பெயரைத் தாங்கிய கட்டடங்கள் நாடெங்கும் உள்ளன. முற்றத்திற்குச் செல்வது என்னும் கருத்து எத்தனை இடங்களில் உள்ளது என்பது வேறு கேள்வி.

அரசாங்கத்தின் பங்கைச் சுருக்கமாகக் கூறலாம். 1953-இல் துர்க்காபாய் தேஷ்முக் அம்மையாரைத் தலைவராகக் கொண்டு மத்திய சமூக நல வாரியம் அமைந்தது. கிராமப் பாலவாடிகள் பல அதன் உதவியால் தோன்றியவை. 1956-இல் காமராசர் ஆட்சி தொடங்கிய மதிய உணவு, பள்ளிப் பிள்ளைகளைச் சேர்ந்தது. பள்ளி செல்லாத சிறு பிள்ளையைப் பற்றி மீனா சுவாமிநாதன் தலைமையில் அமைந்த ஆய்வுக் குழு 1972-இல் அறிக்கை அளித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980-இல் உலக வங்கியின் உதவியுடன் தமிழ்நாட்டு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தது. இதை நான் மிக மதிக்கிறேன். மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதந்தோறும் எடை போட்டு, எடை தேங்கிய பிள்ளைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்திற்குக் கூடுதல் உணவு கொடுத்து, தேறியவுடன் நிறுத்தும் முறை அது. கணக்குப் பார்த்துச் செலவிடும் நம் கூட்டுறவுப் பழக்கத்திற்கு ஒத்த முறை என்பேன். பின்னர் 1982 ஜூலை 1 அன்று திருச்சிராப்பள்ளியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். இரண்டு வயது முதற்கொண்டு சிறு பிள்ளைகளுக்கும் சூடான சோறு கிடைக்கலாயிற்று. இன்று தமிழ்நாட்டில் ஐம்பதாயிரத்திற்கு மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. அவற்றின் வழியே வழங்கப்படும் சத்துமாவைத் தயாரிப்பதில் மகளிர் தொழிற் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பங்கு உண்டு என்பதை நம் அங்கத்தினர்கள் பெருமையுடன் நினைவிற்கொள்ளலாம்.

இத்தனையும் நடந்த அதே காலத்தில் நம் வயலில் நடந்தது என்ன? 1960-61-இல் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டத்திற்கு, நாட்டில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. பாக்கேஜ் திட்டம் என்று பழைய அங்கத்தினர்கள் இன்றும் சொல்வது அதையே. விதை, உரம், பூச்சி மருந்து, கடன், ஆலோசனை ஆகியவை ஒரு கட்டாகக் கூட்டுறவுச் சங்கத்தின் வழியே உழவனுக்கு வந்தன. அப்பத்தாண்டில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் வந்து குறுவைப் பரப்பை விரித்தது. குறுவையும் தாளடியுமாக இரு போகம் என்றால் இரு நடவு, இரு களை, இரு அறுவடை. அந்த வேலையின் பெரும் பகுதியைச் செய்தவர்கள் பெண்கள். கட்டில் எல்லாம் இருந்தன. அந்தப் பெண்ணின் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்பது மட்டும் இல்லை. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் நம் சங்கத்தின் கடன் மனுவில் அதற்கு ஒரு வரி கிடையாது.

ஒரே ஊரில் நான்கு பிள்ளைகள்

என் சரகத்தில் காணும் காட்சியைக் கூறுகிறேன். காலை எட்டு மணிக்கு ஊர் எல்லையில் ஒரு வேன் வந்து நிற்கிறது. மூன்று வயதுப் பிள்ளை கழுத்தில் பட்டையுடனும் காலில் பூட்சுடனும் அதில் ஏறி நகரத்து நர்சரிப் பள்ளிக்குச் செல்கிறது. அங்கே ஆங்கில எழுத்துகளை நான்கு கோட்டு நோட்டில் எழுதிவிட்டு, வீட்டுப் பாடத்துடன் மாலையில் திரும்புகிறது. இதனைக் கல்வி என்று நம்பித் தந்தை நகைக் கடன் வாங்குகிறார். அந்தக் கடன் மனுக்கள் என் பார்வைக்கு வருகின்றன. மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டியது மண்ணும் தண்ணீரும் பாட்டும் கதையும் புளியங்கொட்டையுமே என்று சொன்னால், "உங்களுக்கென்ன சார், நீங்க படிச்சுட்டீங்க" என்கிறார்கள்.

இரண்டாவது பிள்ளை கோவில் தெரு அங்கன்வாடிக்குச் செல்கிறது. உண்மையில் இதற்கே நால்வரில் நல்ல வாய்ப்பு என்று எனக்குத் தோன்றும் நாட்கள் உண்டு. முட்டை கிடைக்கிறது, தூக்கம் கிடைக்கிறது, தாய்மொழியில் பாட்டு கிடைக்கிறது.

மூன்றாவது பிள்ளை நெசவாளர் தெருவில் இருக்கிறது. திருபுவனம், கும்பகோணம் வட்டாரத்துப் பட்டு நெசவுக் குடும்பங்களில் தாய் வீட்டை விட்டு வெளியே போவதில்லை. ஆகவே பிள்ளைக்குக் குறையில்லை என்று நாம் நினைக்கிறோம். தந்தை தறிக்குழியில் அமர்ந்திருக்கிறார். தாய் ஊடைக்குத் தார் சுற்றுகிறாள். பட்டு இழையில் பிள்ளையின் கை பட்டால் நஷ்டம். பிள்ளை தறிக்குழியில் விழுந்தால் அதனினும் நஷ்டம். ஆகவே பிள்ளையைத் தூணில் சேலையால் கட்டி வைத்திருக்கும் வீடுகளை நான் கண்டிருக்கிறேன். கொடுமையால் அன்று, புடவைக்கு இவ்வளவு என்று கூலி பேசிய வேலையில் நேரம் இல்லாமையால். அந்தக் கூலியில் தாயின் உழைப்பே தனியாகக் கணக்கில் வருவதில்லை என்னும்பொழுது, அவள் பிள்ளையைக் கணக்கில் யார் சேர்ப்பது?

நான்காவது பிள்ளையைத் தொடக்கத்திலேயே கூறிவிட்டேன்.

வேனில் செல்லும் பிள்ளைக்கு எல்லாம் கிடைத்துவிட்டது என்றும் எண்ண வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில், கூரை வேய்ந்த மாடியில் வகுப்புகள் நடந்த கட்டடத்தில், மதிய உணவுச் சமையலறைத் தீ கூரையில் பற்றி 94 குழந்தைகள் இறந்தனர். நர்சரி வகுப்பும் ஆரம்பப் பள்ளியும் ஒரே கட்டடத்தில், குறுகிய படிக்கட்டுடன் நடந்த இடம் அது. அங்கே பிள்ளைகளை அனுப்பியவர்களில் பெரும்பாலோர் செல்வர்கள் அல்லர், சிறு வருவாய்க்காரர்கள். அதன்பின் பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. பணம் கொடுத்து வாங்கியதால் மட்டும் ஒன்று பாதுகாப்பானதாகிவிடாது என்பதைக் காவிரிக் கரை மிகப் பெரிய விலை கொடுத்து அறிந்தது.

சட்டம் யாரை நினைத்தது

தொழிலாளப் பெண்ணின் பிள்ளையைச் சட்டம் மறந்துவிட்டது என்று கூற முடியாது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என விதித்தது. 1976-இல் அந்த எண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கும் அவ்வாறே வழி செய்தது. 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், வேலையிடத்திற்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து பிள்ளைகள் வந்தாலே அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நியமித்து, அவளுக்கும் அதே கூலி கொடுக்க வேண்டும் என்றது. மூன்றிலும் ஒரு முதலாளி அல்லது ஒரு வேலையிடம் இருக்கிறது. நம் நடவு வயலில் அது இல்லை. இன்றைக்கு ஒருவர் வயல், நாளைக்கு இன்னொருவர் வயல். ஒரு வயலில் பத்துப் பன்னிரண்டு பெண்கள். எந்த ஒரு நிலக்காரரையும் காப்பகம் வை என்று சொல்ல முடியாது. தனித்தனியே எவரும் செய்ய இயலாததும் எல்லோருக்கும் சேர்ந்து தேவைப்படுவதுமான காரியங்களுக்காகத்தானே சங்கங்கள் பிறந்தன?

அரசியல் சட்டத்திலும் ஒரு நுட்பமான வேறுபாடு உண்டு. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் ஆறு முதல் பதினான்கு வயது வரை கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குட்பட்டோரைப் பற்றியோ, 45-ஆம் பிரிவில், அவர்களுக்குப் பராமரிப்பும் கல்வியும் அளிக்க அரசு முயல வேண்டும் என்று மட்டும் எழுதியது. பெரிய பிள்ளைக்கு உரிமை, சிறிய பிள்ளைக்கு முயற்சி. உணவைப் பொறுத்த மட்டில் 2013-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உரிமையாக்கிவிட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்கு அத்தகைய உரிமை ஏற்படவில்லை.

இங்கே அங்கத்தினர்கள் நன்கு அறிய வேண்டிய ஒன்று உண்டு. 2006 டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்படி, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 40 பேருக்குக் குறையாமல் உள்ள குடியிருப்பில் அங்கன்வாடி இல்லையெனில், அங்குள்ளோர் கோரிக்கை வைத்து அதனைப் பெறலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அந்த ஆணை கூறியது. மனு எழுதத் தெரிந்தவர்கள் நம் சங்க அலுவலகங்களில் உள்ளனர். எழுதித் தருவதற்கு எந்த நிதியும் தேவையில்லை.

சங்கத்தின் கையில் உள்ளது

இனிக் காசுக் கணக்கிற்கு வருவோம். 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, நிகர இலாபத்தில் கால் பங்கை ரிசர்வ் நிதிக்கு ஒதுக்கியபின், எஞ்சியதில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படாத தொகையைப் பதிவாளர் அனுமதியுடன் தருமக் காரியத்திற்கு அளிக்கலாம் என்றது. தருமக் காரியம் என்பதில் ஏழைகளின் துயர் தீர்த்தல், கல்வி, மருத்துவ உதவி, பொது நலம் அனைத்தும் அடங்கும். சட்டங்கள் பின்னர் மாறின. தமிழ்நாட்டில் இப்பொழுதுள்ள சட்டம் 1983-ஆம் ஆண்டினது. எனினும் அந்த எண்ணம் பொது நன்மை நிதி என்னும் பெயரில் நம் வழக்கில் நிலைத்துவிட்டது. உங்கள் சங்கத்தின் உபவிதிகளில் அது எவ்வளவு, எதற்கு என்று எழுதியிருக்கிறது என்பதைச் செயலாளரிடம் கேட்டுப் பாருங்கள். நான் கண்ட மட்டில் இந்நிதி ஊர் விழாவிற்கும், பள்ளிக்குக் கடிகாரத்திற்கும், பேருந்து நிழற்குடையில் சங்கத்தின் பெயர் எழுதுவதற்கும் செலவாகிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு சங்கத்தின் நிகர இலாபம் 4,00,000 ரூபாய் என்று கொள்வோம். பழைய விதிப்படி கால் பங்கு 1,00,000 ரிசர்வுக்குப் போனால் மீதம் 3,00,000; அதில் பத்தில் ஒன்று 30,000. பருவகாலக் காப்பகம் ஒன்றில் இரு பெண்களை நாளொன்றுக்கு 350 ரூபாய் வீதம் 40 நாட்களுக்கு அமர்த்தினால் 28,000 ரூபாய். குறுவை நடவுக்கு இருபது நாள், தாளடி நடவுக்கு இருபது நாள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஏறக்குறையச் சரியாகிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்கு ஒருவர் என்பது 2013-ஆம் ஆண்டின் தேசியக் குழந்தைக் கல்விக் கொள்கை கூறும் அளவு. ஆகவே இருவர் இருபது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளலாம். இருபது பிள்ளைகள் என்றால் ஏறக்குறைய இருபது அக்காள்களும் பாட்டிமார்களும் விடுதலை பெறுகின்றனர்.

"இலாபம் வந்தால்தானே சார்?" என்று டெல்டாவின் அங்கத்தினர்கள் சிரிப்பார்கள். வறட்சியும் வெள்ளமும் மாறி மாறி வரும் கடைமடையில் அந்தச் சிரிப்பு நியாயமானதே. இலாபம் இல்லாத சங்கங்களுக்குப் பழைய வழி ஒன்றை நினைவூட்டுகிறேன். முன்னாளில் களத்துமேட்டில் நெல்லை அளந்து வீட்டிற்கு எடுத்துச் செல்லுமுன், காவலாளி முதல் நீர் பாய்ச்சுவோன் வரை ஊருக்கு உழைத்தவர்க்கெல்லாம் ஒரு பங்கு எடுத்து வைப்பார்கள். அதனைச் சுதந்திரம் என்றே வழங்கினர். அந்த முறையில் இருந்த சாதிக் கட்டுப்பாட்டை நான் மீண்டும் வேண்டவில்லை. ஆனால் விளைவிப்பதில் பங்கு கொண்டவர் எல்லோருக்கும் களத்திலேயே கணக்குத் தீர்ப்பது என்னும் பழக்கம் நல்லது. நடவாட்களை அமர்த்துபவர் ஏக்கருக்கு ஒரு மரக்கால் நெல்லோ அதன் கிரயமோ சங்கத்தில் கட்டினால் அதுவே நிதியாகும்.

பிள்ளை பார்ப்போரே சங்கமாகச் சேர்ந்த உதாரணமும் நம் நாட்டில் உண்டு. ஆமதாபாத்தில் சேவா அமைப்பைச் சேர்ந்த பெண்கள் 'சங்கினி' என்னும் குழந்தைப் பராமரிப்புக் கூட்டுறவுச் சங்கத்தை நடத்துகின்றனர். கேடா மாவட்டத்தில் புகையிலை வயல் பெண்களின் பிள்ளைகளுக்காகவும் அத்தகைய சங்கம் தோன்றியது. காப்பக ஆசிரியைகளே பங்குதாரர்கள். தாய்மார்கள் ஒரு சிறு கட்டணம் செலுத்துகின்றனர். தாயின் வேலை நேரத்தை அனுசரித்தே காப்பகத்தின் நேரம். அயல்நாட்டில், இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியா நகரத்தை அடுத்த வில்லா செல்லா கிராமத்து மக்கள் 1945-இல், போரில் ஜெர்மானியர் விட்டுச் சென்ற ஒரு டாங்கியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்றுச் சிறுவர் பள்ளி கட்டினர். 1963-இல் நகராட்சியே பள்ளிகளை நடத்த முன்வந்தது. அந்நகரத்துச் சிறுவர் பள்ளிகள் இன்று உலகெங்குமுள்ள ஆசிரியர்கள் சென்று காணும் இடமாகிவிட்டன. முதலில் மக்கள் தொடங்கினர், பிறகு அரசாங்கம் ஏற்றது என்னும் வரிசையைக் கவனியுங்கள்.

கேள்விகளும் தடைகளும்

இந்த யோசனையை இரண்டு நிர்வாக சபைகளில் சொல்லிப் பார்த்தேன். இது சர்க்கார் வேலை என்றார் ஒருவர். அதனை மறுக்கவில்லை. அங்கன்வாடியோடு போட்டியிட நான் சொல்லவே இல்லை. அது திறக்குமுன்னும் அடைத்தபின்னும், அது ஏற்காத வயதுக்கும், வேலை மிகுந்த நாட்களில் மட்டும் ஓர் ஏற்பாடு. அங்கன்வாடிப் பணியாளர்மீது இந்தச் சுமையையும் ஏற்றிவிடலாம் என்று மற்றொருவர் கூறியபொழுது என்னால் சும்மா இருக்க முடியவில்லை. அவர்களுடைய பணி நெடுங்காலம் கௌரவப் பணி என்றே கருதப்பட்டது. பணிக்கொடைக்கு அவர்கள் உரியவர்கள் என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியே நிலைநாட்ட வேண்டியதாயிற்று. பெண்கள் செய்யும் வேலையைத் தொண்டு என்று அழைத்துவிட்டால் கூலியைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது பழைய தந்திரம்.

மூன்றாமவர் கேட்டதே உண்மையான கேள்வி. "நடவுக்கு வர்ற பொம்பளைங்கள்ல பாதிப் பேர் நம்ம சங்கத்துல அங்கத்தினரே இல்லையே? நம்ம பணத்தை எதுக்குச் செலவழிக்கணும்?" நான் முதலில் இலாபக் கணக்கையே கூறினேன். ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு பருவமும் குறைப்படுகிறோம். பிள்ளையை விட இடம் இருந்தால் வரக்கூடியவர்கள் வீட்டில் இருக்கின்றனர். நடவு இயந்திரமும் நேரடி விதைப்பும் பெருகிவந்தாலும் களை எடுக்கப் பெண்களே வருகின்றனர். அவர் தலையசைத்தார். ஆயினும் அன்று இரவு பேருந்தில் திரும்புகையில், நான் சரியான பதிலைக் கூறவில்லை என்று தோன்றியது. அந்தப் பெண்கள் ஏன் அங்கத்தினராக இல்லை என்றல்லவா அவரைத் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும்? நிலம் இல்லாதவள், கடன் கேட்கத் தகுதியற்றவள் என்று நாமே வாசலில் நிறுத்தியவர்கள் அவர்கள்.

எங்கே வைப்பது என்பதில் நயமாகப் பேசுவோர் இரு தெருவுக்கும் பொதுவான இடம் என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் பொதுவான இடம் எப்பொழுதும் ஊர்ப்பக்கமே சாய்ந்துவிடும். என் கருத்து, குடியிருப்பிலேயே வைக்க வேண்டும் என்பது. தேவை உள்ள மற்றவர்கள் அங்கே வருவார்கள்; வர மனமில்லாதவர்களுக்குத் தேவை அவ்வளவு இல்லை என்று பொருள். ஊட்டும் பெண்களில் ஒருவரேனும் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவராக இருக்க வேண்டும். யார் கையால் உண்பது என்னும் பேச்சு எழுந்தால், அதற்கு அஞ்சி ஆளை மாற்றுதல் கூடாது. மாற்றிய ஊர்களில் அந்தப் பேச்சு மேலும் வளர்ந்ததையே கண்டிருக்கிறேன்.

இடம் தேடுகையில் ஓர் எச்சரிக்கை. சங்கக் கிடங்கு பெரும்பாலும் காலியாக இருக்கிறது என்று அதன் தாழ்வாரத்தைச் சிலர் காட்டுவார்கள். உரமும் பூச்சி மருந்தும் வைத்த கிடங்கின் அருகில் தவழும் பிள்ளைகளை விடுவது கூடவே கூடாது. கீற்றுக் கொட்டகையில் அடுப்பு வைக்கலாகாது; உணவைத் தனி இடத்தில் சமைத்துக் கொண்டுவர வேண்டும். வாய்க்கால் பக்கத்தில் வேலி அல்லது இடுப்பளவு சுவர் கட்டாயம். தூளி கட்ட நான்கு வலுவான உத்தரம், கொதித்து ஆறிய நீருக்கு மூடியுள்ள பானை, கை கழுவச் சோப்பு, மாதம் ஒரு முறை எடை பார்க்க அங்கன்வாடித் தராசை இரவல் கேட்பது ஆகியவையே தொடக்கத்திற்குப் போதுமானவை. தாய் நடு வேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுச் செல்ல அரை மணி நேரத்தைக் கூலியில் பிடிக்கக் கூடாது என்பதையும் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் பிடிப்பார்கள்.

நெசவாளர் சங்கங்களுக்குப் பருவம் கிடையாது. அவர்களுக்கு ஆண்டு முழுதும் அரை நாள் காப்பகமே பொருந்தும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டும் நேரம் முதல் நண்பகல் வரை என்று வைத்துக்கொள்ளலாம். இதன் செலவை உற்பத்திக் கணக்கில் சேர்ப்பதா, பொது நன்மை நிதியில் எடுப்பதா என்பதை அந்தந்தச் சங்கத்தின் தணிக்கையாளருடன் கலந்து முடிவு செய்வது நல்லது.

குறுவைக்கு இந்த ஏற்பாடு வேண்டுமெனில் மேட்டூர் திறக்கும் நாளுக்கு முன்பே மகாசபையில் தீர்மானம் நிறைவேற வேண்டும். ஆகவே மே மாதத்திலேயே நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி அங்கத்தினர்கள் எழுத்து மூலம் நிர்வாக சபைக்குத் தெரிவிக்கலாம். மனுவுடன் இரு பட்டியல்களை இணைத்தால் சபைக்கு வேலை எளிதாகும்: நடவுக்குச் செல்லும் தாய்மார்களின் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களைப் பார்த்துக்கொள்வதற்காகப் பள்ளிக்கு வராமல் நிற்கும் சிறுமிகள் எத்தனை பேர். இரண்டாவது பட்டியலைப் பள்ளியின் வருகைப் பதிவேட்டிலிருந்து எடுக்க முடியாது. வீடு வீடாகச் சென்றுதான் எழுத வேண்டும்.